கெடு தாண்டி ஆறு நிமிடம்

பென்னாகரம் சாலையோரப் பந்தலில் ஜெயபிரியா சைக்கிளை விட்டு இறங்கும்போது, சைக்கிள் கட்டத்துக்கான கெடு முடிந்து ஆறு நிமிடம் ஆகியிருக்கிறது. அவளுடைய முதல் நெடுந்தூர டிரையத்லான் இது. விடிந்ததும் அணையில் இரண்டு கிலோமீட்டர் நீந்தினாள். பிறகு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். வழியில் இரண்டு முறை பஞ்சர். பாக்கி இருப்பது ஓட்டம் மட்டும்தான், அதுதான் அவளுக்கு நன்றாக வரும். நீலச் சட்டை நடுவர் அவள் முன்னால் மண்டியிட்டு, கணுக்காலில் கட்டியிருந்த நேரம் அளக்கும் சிப்பைக் கழற்றுகிறார். "நேரம் தாண்டிப் போச்சும்மா. இனிமே ஓட விட முடியாது." பட்டை இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிகிறது. தகரத் தடுப்புகளில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. தூரத்து ஒலிபெருக்கி யாருடைய பெயரையோ சொல்ல, கைதட்டல் எழுந்து அடங்குகிறது. மொரப்பூரிலிருந்து களையெடுப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மா, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் தன் மகளின் காலடியில் மண்டியிட்டதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்திருக்கிறது.

"முடிஞ்சிடுச்சா கண்ணு?"

ஜெயபிரியாவின் தொடை தானாகத் துடிக்கிறது. உதட்டில் உப்புக் கரிக்கிறது.

"முடிஞ்சிடுச்சும்மா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனைக் காதில் வைக்கிறாள். "ஏங்க, நம்ம புள்ள முடிச்சிட்டாளுங்க! ஊரு பூரா சொல்லுங்க!"

ஜெயபிரியா வாயைத் திறக்கிறாள். அதற்குள், போனுக்கு அந்தப் பக்கம் அப்பா சத்தம் போட்டுச் சிரிப்பது அவளுக்கும் கேட்கிறது.