சிங்காரி சந்தேகப்பட்ட ஆள்

பழைய பேப்பர் கடையில் வளர்ந்த வெள்ளாடு சிங்காரி, துப்பறியும் நாவல் என்றால் உயிரை விடும். ஒரு பக்கம் படிக்கும், படித்ததைத் தின்னும்.

ஒரு நாள் இடுப்பில் கத்தியோடு ஒருவர் வந்து அதன் தொடையை அமுக்கிப் பார்த்தார்.

“கறிக்கடைக்காரர்டி. கயித்தைக் கடிச்சிட்டு ஓடிடு,” என்றது பக்கத்திலிருந்த கோழி.

“அடி பைத்தியமே, இருநூறு நாவல் தின்னவ சொல்றேன், கேளு. முதல்லயே கத்தியோட வர்றவன் கொலைகாரனா இருந்ததே இல்ல. நம்மளைத் திசைதிருப்பத்தான் அவனைக் காட்டுவாங்க. யார் மேல சந்தேகமே வராதோ, அவங்கதான் ஆளு.”

சொல்லிவிட்டுக் கோழியை மேலும் கீழும் பார்த்தது. இவள் எதற்கு என்னை ஓடச் சொல்கிறாள்?

கறிக்கடைக்காரர் கயிற்றை அவிழ்த்தார். சிங்காரி சமர்த்தாக அவரோடு நடந்தது. கோழி பின்னால் வருகிறதா என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.