பூமுடி சூடிய மந்தை

இத்தாலியின் ட்ரென்டினோ மலையில் கோடை முழுதும் மேய்ந்த மாடுகள், செப்டம்பரில் பூமுடி சூடி ஊருக்கு இறங்கும். மலையில் ஒரு மாடு இறந்திருந்தாலும் அவ்வாண்டு எந்த மாட்டுக்கும் பூ இல்லை என்பது அவ்வூர் வழக்கம்.

மேய்ப்பன் விஜீலியோ குடித்துவிட்டு உறங்கிய ஒரு பிற்பகலில், விதவை ஒர்சோலாவின் ஒரே பசு பாறையிலிருந்து விழுந்து இறந்தது. அவனே குழி வெட்டிப் புதைத்தான். பூவின்றி இறங்கினால் ஊரே காரணம் கேட்கும். ஆகவே எஞ்சிய மாடுகளுக்கெல்லாம் பூச்சூட்டினான். ஒர்சோலாவிடம் மட்டும் தனியே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினான்.

தெருவில் ஊரார் கைதட்டி வரவேற்றார்கள்.

"ஒரு மாட்டுக்கும் சேதமில்ல. ஆனா மாட்டைவிட நீதான்டா நல்லா மேஞ்சிருக்க" என்று ரொட்டிக்கடைக்காரர் சிரித்தார்.

அவன் தலை குனிந்தபடி ஒர்சோலாவின் தொழுவத்துக்குப் போனான். உள்ளே அவள் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பசு..."

"அது காலையிலயே தனியா வந்துருச்சுப்பா. ஊர் மாட்டுக்கெல்லாம் பூ வச்சியே, எம்மாட்டுக்கு மட்டும் ஏன் வைக்கல? ஏழை வீட்டு மாடுன்னா?"

பசு திரும்பி அவனைப் பார்த்தது. அதன் விலாவெங்கும் ஈரமண் அப்பியிருந்தது.

"மறந்துட்டேன்க்கா."

"சரி விடு. நடந்து களைச்சிருப்ப, இதைக் குடி."

அப்போதுதான் கறந்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். அது உறைபனிபோல் சில்லிட்டிருந்தது. அவள் அன்போடு பார்த்துக்கொண்டே நின்றதால், அவன் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.