நாலு மணிக் கோடு

“சென்சார்தான் கோளாறுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல? இப்ப வந்து பாரு, ரவி!”

சுகுமாறன் கணினித் திரையைத் தட்டிக் காட்டினார். மலேசியாவில், செரண்டாவில் அவர் வீட்டின் பின்னறை அது. நிலநடுக்கத்தைப் பதியும் கருவி முன்புறத்தில், கேட்டை ஒட்டிய சாமான் அறையில், கேட்டுக்கு வெளியே வரை நீளும் சிமெண்டுத் தரைமேல் இருந்தது. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரே செய்தது. சுமத்ராவில் பூமி குலுங்கினால் இங்கே திரையில் கோடு ஆடும்.

புஞ்சாக் ஆலாமிலிருந்து வந்திருந்த ரவீந்திரன் அவருடன் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர். இப்போது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“பழைய சென்சார்ல அப்படி என்னதான் தொல்லை?”

“சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா கோடு ஒரு பக்கமா ஏறும். பத்து நிமிஷம் அப்படியே நிக்கும். அப்புறம் இறங்கிடும். மூணு மாசமா இதே கூத்து.”

“பக்கத்துல யாராச்சும் வந்து நின்னா அப்படி ஆகும்லா. ஆள் கனத்துக்குத் தரை துளி சாயும்.”

“இங்க யாரு வர்றா? மக புனிதா வேலை முடிஞ்சு வர ஆறு மணியாகும். நான் இந்த நாற்காலிய விட்டு நகர்றதில்ல. வீடு மேற்குப் பார்த்தது, நாலு மணிக்கு வெயில் நேரா அந்த அறைக்குள்ள அடிக்குது. மழை பெய்யுற அன்னைக்குக் கோடு ஏறுறதே இல்ல. அப்ப வெயில்தானே காரணம்?”

ரவீந்திரன் யோசித்துத் தலையாட்டினார். “கணக்கு சரியாத்தான் இருக்கு. காந்தமும் கம்பிச் சுருளும் போட்டிருந்தா இந்த வம்பே இல்ல. மெதுவான சாய்வு அதுக்குத் தெரியாது.”

“எனக்கு அதுதான்யா தெரியணும்! அதனாலதான் வெளிச்சத்துல அளக்குறது. ஊசல் முனையில ஒரு தகடு, இந்தப் பக்கம் விளக்கு, அந்தப் பக்கம் வெளிச்சத்தை உணருற கண்ணு. பூமி அசைஞ்சா தகட்டு நிழல் அசையும். பழசுல ஒரே கண்ணு. வெயில் கசிஞ்சாக்கூட பூமி அசைஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கும். புதுசுல ரெண்டு கண்ணு. வெளி வெளிச்சம் ரெண்டுலயும் சமமா விழும், ஒண்ணுல ஒண்ணக் கழிச்சா போச்சு. திங்கட்கிழமை மதியம் மாட்டுனேன். நாலு நாளா மழையே இல்ல, கொளுத்துது. கோடு பார்த்தியா?”

மணி நான்கு பத்து. கோடு நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது.

“ஜெயிச்சிட்டடா சுகு! அப்ப பழைய பதிவெல்லாம் எதுக்கு? அழிச்சிடு.”

மூன்று மாதப் பதிவையும் சுகுமாறன் ஒரே தட்டில் அழித்தார்.

“இத உங்க அண்ணன்கிட்ட சொல்லணும் நீ. எஸ்டேட்டுல ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டு நீ முழிப்ப, அவருதானே டார்ச் பிடிப்பாரு?”

சுகுமாறன் முகம் மாறியது. “அந்தப் பேச்சு வேணாம். கடைசிப் பிள்ளை நான் ஷிப்டு முடிஞ்சு ஓடி வர்றதுக்குள்ள அம்மாவுக்குக் கொள்ளி வச்ச மனுஷன். அரை மணி நேரம் பொறுக்கலையே! இனிமே என் வாசல மிதிக்காதீங்கன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். ஆறு வருஷமாச்சு.”

ரவீந்திரன் பதில் சொல்லுமுன் வெளியே கேட்டைத் தட்டும் சத்தம்.

சுகுமாறன் எழுந்து போனார். கேட்டுக்கு வெளியே அண்ணன் மகள் ரூபினி நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“போன் அடிச்சா எடுக்க மாட்டீங்கன்னுதான் நேர்ல வந்தேன், சித்தப்பா. அப்பா காலையில தவறிட்டாரு.”

சுகுமாறன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “என்னம்மா சொல்ற? எப்படி?”

“நெஞ்சு வலி. திங்கட்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரியில சேர்த்தோம்.”

“உள்ள வாம்மா.”

அவள் நகரவில்லை. காலடிச் சிமெண்டைப் பார்த்தாள்.

“மூணு மாசத்துக்கு முந்தி டாக்டர் இருதயம் சரியில்லன்னு சொன்னாரு. அதுல இருந்து மழை இல்லாத நாளெல்லாம் உலு யாம்ல இருந்து மோட்டோர் சைக்கிள்ல வருவாரு. வாசல மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்கள்ல? இங்கயேதான் நின்னிருக்காரு. கூப்பிட வாய் வராம பத்து நிமிஷத்துல திரும்பிடுவாராம்.”

பின்னறையிலிருந்து ரவீந்திரன் கத்தினார்:

“சுகு, ஓடி வா! கோடு ஏறி நிக்குது... புது சென்சாரும் கோளாறு போலலா!”