பிரேக்கில் காற்று

"மிதி!" என்று காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் கத்தினார்.

டிரைவர் சீட்டில் இருந்த மனைவி பிரேக்கை மிதித்தாள். அவர் சக்கரத்தில் இருந்த ஸ்க்ரூவைத் தளர்த்த, ஆயிலோடு குமிழிகள் வெளியேறின. அவர் அதை மூடுவதற்குள் அவள் காலை எடுத்துவிட்டாள்.

"போச்சு! திரும்பக் காத்து உள்ள போயிடுச்சு. ஆயில் அமுங்காது, அதனாலதான் பிரேக் பிடிக்குது. காத்து அமுங்கிடும். எத்தனை தடவை சொல்றது?"

"முப்பது வருஷமா சொல்றீங்க."

முப்பது வருஷத்துக்கு முன், அவர்கள் முதலில் சந்தித்த அன்று, ஒர்க் ஷாப்பில் உதவிக்கு ஆள் இல்லை. இதே காரை ரிப்பேருக்குக் கொண்டுவந்த அவளையே பிரேக்கை மிதிக்கச் சொன்னார். அரை மணி நேர வேலை சாயங்காலம் வரை இழுத்தது.

"முடிஞ்சுதா? நான் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பணும்," என்றார், இன்று அந்தக் காரை வாங்க விலைபேசி முடித்து வாசலில் காத்திருந்தவர்.

அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லவா? அன்னைக்கு நான் வேணும்னேதான் காலை எடுத்தேன்."

அடியிலிருந்து அவர் மெதுவாக, "தெரியும். நானும் ஸ்க்ரூவைச் சரியா மூடல," என்றார்.

"இன்னைக்கு?"

"சார், நீங்க நாளைக்கு வாங்க!" என்று வாசலுக்குக் கேட்கும்படி குரல் வந்தது. "காத்து போகவே மாட்டேங்குது."