மகளுக்கென்று ஒரு ஜோடி

ஈரானின் ஷெம்ஷக் பனிச்சரிவின் அடிவாரக் கடையில் மஹ்ரோக் இடது காலைப் பூட்ஸுக்குள் நுழைக்கிறாள். பனிச்சறுக்குப் பலகையோடு வருகிறவர்களுக்கு இருபது வருஷமாக வாசலில் தேநீர் ஊற்றுகிறவள் அவள். ஒருமுறைகூடப் பலகையில் ஏறியதில்லை. "மகளுக்குத்தான். அவளுக்கும் என் அளவுதான்" என்று நுழையும்போதே சொல்லிவிட்டாள். கடைக்காரன் கியூமர்ஸ் சிரிக்காமல் மண்டியிடுகிறான். "குதிகாலைப் பின்னாடி தட்டுங்க, சித்தி. விரல் முன்னாடி முட்டுதா?" "லேசா உரசுது." "இப்ப முழங்காலை மடக்குங்க." மடக்குகிறாள், விரல்கள் பின்வாங்குகின்றன, குதிகால் இம்மியும் எழவில்லை. கண்ணாடிக்கு வெளியே பனியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. ஆட்களை உச்சிக்கு ஏற்றும் கம்பிவட நாற்காலிகள் கிறீச்சிட்டபடி மேலே போகின்றன, பாதி காலியாக. "இவ்வளவு மெத்துனு இருக்கே, உழைக்குமா?" என்று அடித்தையலை நகத்தால் நெம்பிப் பார்க்கிறாள். "புதுசா கத்துக்கறவங்க விழுந்து விழுந்து எழணும் சித்தி, விறைப்பா இருந்தா காலைக் கடிச்சிரும். இது ஒட்டினதுக்கு மேல தையலும் போட்டது. நாலு குளிர்காலம் தாங்கும்." நாலு குளிர்காலம் என்று அவள் உதடு முணுமுணுக்கிறது. கண் அந்தக் காலி நாற்காலிகளை விட்டு நகரவில்லை. "அவளுக்குப் பழகிடும்ல?" "அவளுக்கு எப்பவோ பழகிடுச்சே! போன வாரம்கூட உச்சியிலேர்ந்து பறந்து வந்தா. உங்களைவிட ரெண்டு அளவு பெரிய காலு." மஹ்ரோக்கின் முகம் சிவக்கிறது. அவிழ்க்கத்தான் குனிகிறாள், கையோ நாடாவை இன்னொரு சுற்று இழுத்து இறுக்குகிறது. "வலது காலுக்கும் எடு" என்கிறாள்.