கூடத்து டிவியின் சந்தேகம்

கூடத்து டிவிக்குத் தன்னோடு ஒயரில் கோத்திருந்த கேம் பெட்டி மேல் எப்போதும் சந்தேகம்தான்.

அன்று மாலை வீட்டில் மகள் பூங்குழலியைத் தவிர யாருமில்லை. போன் ரிப்பேர் என்பதால், அவள் கேம் பெட்டி வழியாக இணையத்தைத் திறந்தாள். ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, வீட்டுக்குத் தெரியாமல் கோவையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

“இதை வெளியே சொன்னே, தொலைச்சுடுவேன்!” என்று டிவி உறுமியது.

“நான் யார்கிட்டண்ணே சொல்லப்போறேன்?” என்றது பெட்டி.

“ஊர் உலகத்தோட பேசுறவன்தானே நீ!”

அவள் கண் வலிக்கக் கூடாதென்று எழுத்துகளைப் பெரிதாக, பளிச்சென்று காட்டியது டிவி. திறந்திருந்த ஜன்னல் வழியே வெளிச்சம் எதிர்வீடு வரை போனது.

மறுநாள் காலை எதிர்வீட்டு மரகதம் வந்து அம்மாவிடம் கேட்டாள்: “பொண்ணு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகுதாமே?”

பூங்குழலியின் முகம் வெளுத்தது.

டிவி பெட்டியின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தது. “துரோகி! எனக்கு அப்பவே தெரியும்டா.”