சாந்தமேரி ஆன்டிக்கு என்ன நோய்?

"கொட்டாவி விட்டா கண்ணுல தண்ணி வருது டாக்டர்."

டாக்டர் விவியன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது எல்லாருக்கும் வரும் ஆன்டி."

"அப்படியா? அப்ப எல்லாரையும் கூட்டிட்டு வரட்டா?"

கேட்டவர் சாந்தமேரி. கிள்ளான் நகரில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் அந்த அரசாங்க கிளினிக்கில் வியாழக்கிழமை மட்டும் மாலையிலும் டாக்டர் இருப்பார். விவியன் அங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சாந்தமேரியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாகிவிட்டது. எங்கேயும் ஒரு கோளாறும் இல்லை.

சாந்தமேரி தனியாகவும் வருவதில்லை. சர்ச்சில் பாடும் கோயர் மொத்தமும் பின்னால் வரும். வாசலில் ஆளுக்கு ஒரு வெள்ளி கட்டணம் கட்டிவிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்திக்கு இடது காதில் மருமகள் பேசுவது மட்டும் கேட்கவில்லை. இன்னொருத்திக்குத் தூங்கும்போது ஒன்றுமே தெரிவதில்லை. கிரிகரி அங்கிளுக்குக் குளித்தால் குளிர்கிறது.

வேறு யாராவது வந்தால், "நீங்க முதல்ல போங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்று வழி விடுவார்கள்.

மருந்து கொடுத்தால் மட்டும் வாங்க மாட்டார்கள்.

"மருந்தெல்லாம் வேணாம் லா டாக்டர். நீங்க பார்த்தாலே பாதி சரியாயிடுது."

"மீதிப் பாதி?"

"அதுக்குத்தான் அடுத்த வாரம் வரோம்ல!"

விவியனுக்குப் பொறுமை போய்விட்டது. நர்ஸ் ரஞ்சனியிடம் திரும்பினார். அங்கே எல்லாருக்கும் ரஞ்சனி 'மிஸி'தான்.

"மிஸி, இவங்களுக்கு என்னதான் வேணும்? ஏர்கோன் காத்தா? இல்ல, பாட்டு பிராக்டிஸ் பண்ண இடமா?"

மிஸி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையை மறுபடியும் துடைத்தார்.

விவியன் எழுந்து வெளியே போய், கோயரின் முன்னால் நின்றார்.

"பிரைவேட் கிளினிக்குக்குப் போக வசதி இல்லாதவங்களுக்காக அரசாங்கம் செலவு பண்ணி நடத்துற இடம் இது. ஒரு நோயும் இல்லாம வந்து உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

கிரிகரி அங்கிள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. இத்தனை நோய் இருக்குன்னா முழுசா சோதிச்சிடலாம். அடுத்த வியாழக்கிழமை வர்ற எல்லாருக்கும் ரத்தம் எடுப்பேன்."

"விரல்லயா டாக்டர்?" சாந்தமேரியின் குரல் இறங்கிவிட்டது.

"கையில. ஊசி போட்டு. குழாய் நிறைய."

சாந்தமேரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு மிஸி சொன்னார்: "ஊசின்னா அந்த ஆன்டிக்கு உயிரே போயிடும் டாக்டர். கோவிட் ஊசி போட வந்தப்போ கார் பார்க்ல போய் ஒளிஞ்சிக்கிட்டாங்க. இழுத்துட்டு வர நாங்க பட்ட பாடு!"

"அப்ப அடுத்த வாரம் நிம்மதி" என்றார் விவியன்.

அடுத்த வியாழக்கிழமை மாலை, ஓய்வாகக் கொறிக்கலாம் என்று ஒரு டப்பா முறுக்கோடு வந்த விவியன், கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

கோயர் மொத்தமும் வந்திருந்தது. முதல் நாற்காலியில் சாந்தமேரி. சட்டைக்கையைச் சுருட்டி, கண்ணை இறுக்க மூடி, கையை நீட்டிக்கொண்டு.

"எடுங்க டாக்டர்."

அவர் நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலி தரையில் கடகடவென்று தட்டியது. தைரியம் சொல்ல நின்ற கிரிகரி அங்கிள் ஊசியைப் பார்த்ததும் மெல்லச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் இருந்தவர்கள் ஆறுதலுக்காகத் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார்கள்.

"ஏய், அது அடக்கத்துக்குப் பாடுற பாட்டு! நிறுத்துங்க லா!" என்று கண்ணைத் திறக்காமலே கத்தினார் சாந்தமேரி.

விவியன் பஞ்சால் கையைத் துடைத்ததற்கே ஓர் அலறல். ஊசி உள்ளே போனபோது அலறச் சத்தம் மிச்சமில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. ஆனால் கை நீட்டியபடியே இருந்தது.

முடிந்தது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே விவியன் குனிந்தார். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஆன்டி, இவ்வளவு பயத்தை வச்சிக்கிட்டு எதுக்கு வந்தீங்க? உண்மையச் சொல்லுங்க, உங்களுக்கு என்னதான் செய்யுது?"

சாந்தமேரி ஒரு கண்ணை மட்டும் திறந்து மிஸியைப் பார்த்தார். மிஸி சீலிங்கைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் சாந்தமேரி கடைசி பெஞ்சைக் காட்டினார். அப்போதுதான் பெக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் நாலைந்து பேர், யூனிபோர்மைக்கூட மாற்றாமல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்து தூங்கியே போயிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யல டாக்டர். இனிப்பு நீர் வியாதி, பிரஷர் எல்லாம் அவங்களுக்குத்தான். பகல்ல வந்தா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க. ஆள் வரலன்னா இந்தச் சாயங்கால கிளினிக்க மூடிடுவோம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்களாம்… அதான் நாங்க ஆளா வரோம்."